உடையவில்லை, கழன்றிருக்கிறது

ஜூன் பிறந்தால் புனேயில் மழைதான். செப்டம்பர் முடியும்வரை மைதானத்தில் சேறு, மொட்டை மாடியில் காற்று. பறக்கிற பொம்மை எதையும் வெளியே எடுக்க முடியாது. அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில், ஒன்பது கிராம் எடையுள்ள சின்ன விமானம் ஒன்றை என் மகள் பறக்கவிட்டாள். இரண்டு சுற்று அழகாகச் சுற்றியது. மூன்றாவது சுற்றில் தூணில் முட்டி, இறக்கை ஒரு பக்கமும் உடல் ஒரு பக்கமுமாக விழுந்தது.

"அப்பா, உடைஞ்சிடுச்சுப்பா!"

"உடையலம்மா, கழண்டிருக்கு. எடுத்து மாட்டு."

இறக்கையின் அடியில் இருந்த இரண்டு குச்சிகளையும் உடலில் இருந்த இரண்டு குழாய்களில் செருகினாள். அரை நிமிடத்தில் விமானம் மறுபடியும் தயார். அந்தக் குச்சியையும் குழாயையும் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன். கூடத்துக்குள் பறக்கும் மாதிரி விமானத்தில் இறக்கையை ஒட்டிவிடாமல் கழற்றி மாட்டும்படி வைத்தால், ஒரே உடலில் பல இறக்கைகளை மாற்றிப் பார்க்கலாம். பறப்பது எப்படி என்பதைக் கையாலேயே கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

கூடத்துக்குள் பறப்பது எப்படி?

கூட விமானத்துக்கு மோட்டார், பேட்டரி, ரிமோட் எதுவும் வேண்டாம். முறுக்கிய ரப்பர் பட்டை பிரிகிறபோது விசிறி சுற்றுகிறது. விசிறி விமானத்தை இழுக்கிறது. பிரெஞ்சுக்காரர் அல்ஃபோன்ஸ் பெனோ 1871-இல் பாரிஸின் துய்லரி தோட்டத்தில் ரப்பர் முறுக்கில் ஓடும் சிறு விமானத்தைப் பதினொரு விநாடி பறக்கவிட்டுக் காட்டினார். 1878-இல் ரைட் சகோதரர்களின் தந்தை பிள்ளைகளுக்கு வாங்கி வந்த பறக்கும் பொம்மையும் பெனோவின் வழியில் வந்த ரப்பர் முறுக்குப் பொம்மைதான். பிற்காலத்தில் அவர்களே அதை நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

கூடத்துக்குள் பறக்க வேண்டுமென்றால் விமானம் மெதுவாகப் போக வேண்டும். வேகமாகப் போனால் திரும்புவதற்குள் சுவர் வந்துவிடும். மெதுவாகப் போக இரண்டே வழி: எடையைக் குறைக்க வேண்டும், அல்லது இறக்கையின் பரப்பைக் கூட்ட வேண்டும். எடை அப்படியே இருக்க, பரப்பை இரண்டு மடங்காக்கினால் வேகம் பாதியாகக் குறையாது. ஏறக்குறைய பத்தில் ஏழு பங்காகும். தூக்கு விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதே இதற்குக் காரணம். இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், எந்த இறக்கை எப்படிப் பறக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

ஹடப்சரின் பெரிய இறக்கைகள்

கழற்றி மாட்டும் இறக்கை பொம்மைக்கு மட்டும் உரியதல்ல. புனேயின் கிழக்கே ஹடப்சரில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் கிளைடர் பயிற்சி மையம் இருக்கிறது. எஞ்சின் இல்லாத கிளைடர்கள் இழுத்து ஏற்றிவிடப்பட்டு, காற்றைத் துணையாகக் கொண்டு பறப்பவை. கிளைடருக்கு நீண்ட, ஒடுங்கிய இறக்கை வேண்டும். போட்டிகளின் ஸ்டாண்டர்ட் வகையில் இறக்கையின் நீளம் 15 மீட்டர். அதை எப்படிச் சாலையில் கொண்டுபோவது? அதனால்தான் பெரும்பாலான கிளைடர்களின் இறக்கைகள் கழற்றக்கூடியவை. இடது, வலது இறக்கைகளின் முதுகெலும்புத் தண்டுகள் உடலுக்குள் ஒன்றோடொன்று சேர, தடித்த ஊசி செருகிப் பூட்டிவிடுவார்கள். ஊசியை உருவினால் இறக்கை தனியாக வந்துவிடும். நீளமான டிரெய்லர் வண்டியில் ஏற்றலாம்.

இந்தியாவிலேயே கிளைடர்கள் வடிவமைக்கப்பட்டன. எஸ். ராமாமிர்தம் வடிவமைத்து, 1961-இல் முதன்முதலாகப் பறந்த ரோகிணி என்ற கிளைடர் மரத்தால் ஆனது. ஆசிரியரும் மாணவரும் அதில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். மரம், பசை, துணி கொண்டு மனிதரையே சுமக்கும் விமானம் செய்ய முடிந்தது என்பதை நினைத்தால், மூங்கில் குச்சியையும் பட்டக் காகிதத்தையும் கையில் எடுக்கத் தைரியம் வருகிறது.

சைக்கிள் கடையின் குழாய்

இனி பொம்மையின் பக்கம் வருவோம். புனே பல்கலைக்கழக வளாகத்தில் ஜெயந்த் நார்லிகர் தொடங்கிய வானியல் ஆய்வு மையம் இருக்கிறது. எல்லோரும் ஐயுகா என்பார்கள். அங்குள்ள குழந்தைகளுக்கான அறிவியல் கூடமான முக்தாங்கண் விஞ்ஞான் ஷோதிகாவில் பல ஆண்டுகள் பணியாற்றியவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, புனேயில் டெல்கோ தொழிற்சாலையில் பொறியாளராக இருந்தவர். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் கிராமப் பள்ளிகளுக்கான அறிவியல் திட்டத்துக்குப் போய் வந்த பிறகு, குப்பையிலிருந்து பொம்மை செய்வதே வாழ்நாள் வேலையாயிற்று. 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

அவர் பிரபலமாக்கியவற்றில் எளிமையானது தீக்குச்சியும் சைக்கிள் வால்வ் டியூபும். நம்மூர் சைக்கிள் கடையில் 'வால் டியூப்' என்று கேட்டால் தருவார்களே, அதே மெல்லிய கறுப்பு ரப்பர் குழாய்தான். ஒரு சென்டிமீட்டர் துண்டாக வெட்டி, இரண்டு முனையிலும் தீக்குச்சியைச் செருகினால் ஒரு மூட்டு கிடைக்கும். வளையும், கழலும், மறுபடி மாட்டிக்கொள்ளும். முக்கோணம், கூம்பு, வீடு என்று எதையும் கட்டலாம். பசை வேண்டாம் என்பதால் தவறாகப் போனால் பிரித்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

நான் என் விமானத்தின் இறக்கைக்கு எடுத்துக்கொண்டது அந்த வால் டியூப் மூட்டைத்தான். சுவரில் மோதினால் குழாய் குச்சியை விட்டுவிடும், மரம் முறியாது. மாட்டும்போது இறுக்கமாகப் பிடிக்கும், பறக்கும்போது ஆடாது. மேலே தள்ளினால் மேலே நிற்கும், கீழே இழுத்தால் கீழே நிற்கும். இந்தக் கடைசிக் குணம் எவ்வளவு பெரிய வசதி என்பது கொஞ்சம் கழித்துப் புரியும்.

உடலும் வாலும்

பால்சா மரம் கிடைத்தால் நல்லது. தென் அமெரிக்கக் காடுகளில் வளரும் இந்த மரம் கடைகளில் கிடைக்கும் மரங்களில் மிக லேசானவற்றுள் ஒன்று. மாதிரி விமானப் பொருள்கள் விற்கும் கடைகளில் பட்டையாகவும் தகடாகவும் கிடைக்கும். கிடைக்காவிட்டால் மூங்கிலைச் சீவிக்கொள்ளுங்கள். புனேயின் பழைய பேட்டைகளில் மூங்கில் முடைவோரின் புருட் ஆளி என்ற தெரு இருக்கிறது. உங்கள் ஊரிலும் கூடை முடைபவர்கள் இருப்பார்கள். மூங்கில் பால்சாவைப் போல நான்கைந்து மடங்கு எடை, ஆனால் வலுவும் அதிகம். அதனால் மெல்லியதாகச் சீவ வேண்டும்.

உடலுக்கு 45 செ.மீ. நீளம், 4 மி.மீ. அகலம், 6 மி.மீ. உயரமுள்ள பால்சாக் குச்சி ஒன்று. மூக்கில் விசிறி, மூக்கிலிருந்து 28 செ.மீ. தள்ளி ரப்பரின் கொக்கி, கடைசியில் வால். விசிறியை வாங்கலாம், செய்தும் பார்க்கலாம். காலியான ஸ்ரீகண்ட் டப்பாவின் வளைந்த பக்கத்திலிருந்து, நிமிர்ந்த கோட்டுக்கு 15 டிகிரி சாய்வாக இரண்டு இதழ்களை வெட்டினால், விசிறிக்கு வேண்டிய முறுக்கு தானாகவே வந்துவிடும்.

வால் எவ்வளவு பெரிது? பல இறக்கைகளை மாட்டப்போகிறோம் என்றால், இருப்பதில் பெரிய இறக்கைக்கு ஏற்ற வால்தான் வேண்டும். பெரிய இறக்கையின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். சின்ன இறக்கைக்கு வால் கொஞ்சம் பெரிதாக இருந்தால் கெடுதல் இல்லை. பெரிய இறக்கைக்கு வால் சிறிதானால் விமானம் நிலைகொள்ளாது. நான் செய்த வால் 23 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலம்.

மூட்டைப் பொருத்துவது

வால் டியூபில் 12 மி.மீ. நீளத் துண்டுகள் இரண்டு வெட்டிக்கொள்ளுங்கள். உடலின் பக்கவாட்டில், செங்குத்தாக, ஒன்றுக்கொன்று சரியாக 6 செ.மீ. இடைவெளியில் வைக்க வேண்டும். முன்குழாய் மூக்கிலிருந்து 12 செ.மீ. தள்ளி, பின்குழாய் 18 செ.மீ. தள்ளி.

ஃபெவிகால் ரப்பரில் பிடிக்காது. முதல் தடவை அதை நம்பி ஒட்டினேன். காய்ந்ததும் குழாய் கையோடு வந்துவிட்டது. தையல் நூலால் குழாயையும் உடலையும் சேர்த்து மேலே எட்டுச் சுற்று, கீழே எட்டுச் சுற்று சுற்றி முடிச்சுப் போட்டு, நூலின் மேல் மட்டும் ஃபெவிகால் தடவுங்கள். சுற்றும்போது குழாய்க்குள் ஒரு பல்குச்சி இருக்கட்டும். இல்லாவிட்டால் நூல் இறுகிக் குழாய் நசுங்கிவிடும். பல்குச்சி நேராக நிற்கிறதா என்று முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் பாருங்கள். ஒரு குழாய் சாய்ந்திருந்தால் நீங்கள் மாட்டும் எல்லா இறக்கைகளும் சாயும். குற்றம் இறக்கையில் இருப்பதாக நினைத்து நாள் முழுக்கத் திண்டாடுவோம்.

மூன்று இறக்கைகள், ஒரே அளவுகோல்

மகாராஷ்டிரத்தில் 2018-இல் தெர்மாகோல் தட்டுகளுக்குத் தடை வந்தது. அதுவரை பிள்ளைகள் பலரும் அந்தத் தட்டிலிருந்துதான் இறக்கை வெட்டினார்கள். இப்போது நான் பயன்படுத்துவது சங்கராந்திக்குப் பட்டம் விடும் மெல்லிய காகிதம். ஜனவரியில் புனேக் கடைகளில் வண்ண வண்ணமாகக் குவிந்திருக்கும்போது வருஷத்துக்கு வாங்கி வைத்துவிடுவேன். முன்னும் பின்னும் 2 மி.மீ. தடிமனுள்ள பால்சாக் குச்சி, நடுவே லேசாக வளைந்த ஐந்து விலா எலும்புகள், மேல்பக்கம் மட்டும் காகிதம். ஒன்றரை கிராமுக்குள் நடுத்தர இறக்கை முடிந்துவிடும்.

மூன்று இறக்கைகள் செய்யுங்கள். நடுத்தர இறக்கை 36 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம். பெரியது 48-க்கு 10. சின்னது 30-க்கு 6. மூன்றிலும் இரு முனைகளும் கொஞ்சம் மேல்நோக்கி நிமிர்ந்திருக்கட்டும். ஒரு பக்கம் சாய்ந்தாலும் விமானம் தானே நிமிரும்.

அகலம் வேறு வேறாக இருக்கும்போது, ஒரே குழாய்களில் மூன்றும் எப்படிச் சரியாக உட்காரும்? கழற்றி மாட்டும் இறக்கையில் எல்லோரும் தடுக்கிவிழும் இடம் இதுதான். முன்விளிம்பை வைத்து அளந்தால், ஒவ்வோர் இறக்கைக்கும் எடை தாங்கும் மையம் ஒவ்வோர் இடத்துக்குப் போய்விடும். இறக்கையை மாற்றியதும் விமானம் தலைகுப்புற விழும் அல்லது மூக்கைத் தூக்கும். அதனால் முன்விளிம்பை மறந்துவிடுங்கள். ஒவ்வோர் இறக்கையிலும் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு 2 செ.மீ. முன்னால் ஒரு பல்குச்சி, 4 செ.மீ. பின்னால் ஒரு பல்குச்சி. மூன்று இறக்கைக்கும் இதே கணக்கு.

சின்ன இறக்கையில் குச்சிகள் இரண்டு விளிம்பிலும் வந்து நிற்கும். நடுத்தர இறக்கையில் ஏறக்குறைய 7 மி.மீ. உள்ளே தள்ளியும், பெரியதில் 13 மி.மீ. உள்ளே தள்ளியும் முன்குச்சி வரும். எதை மாட்டினாலும் அந்தப் பென்சில் கோடு உடலில் ஒரே இடத்தில், மூக்கிலிருந்து 14 செ.மீ. தூரத்தில் உட்காரும். விமானத்தை இரண்டு விரலில் தூக்கிப் பார்த்தால் அந்தக் கோட்டில் சமமாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மூக்கிலோ வாலிலோ ஒரு கடுகளவு, மிளகளவு களிமண் வையுங்கள். இறக்கை சமன்புள்ளிக்கு அருகிலேயே உட்காருவதால், பெரிய இறக்கையின் கூடுதல் எடை சமநிலையை அவ்வளவாகக் கெடுக்காது.

ஒரு மில்லிமீட்டர், ஒரு டிகிரி

குழாய்களின் இடைவெளி 6 செ.மீ. என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. முன்குச்சியை 1 மி.மீ. உயர்த்தினால் இறக்கையின் சாய்வு ஏறக்குறைய ஒரு டிகிரி கூடும். கோணமானி வேண்டாம், பள்ளிக்கூட ஸ்கேல் போதும். முன்பக்கம் 3 மி.மீ. உயரத்தில் தொடங்குங்கள்.

முதலில் ரப்பரை முறுக்காமல், தோள் உயரத்திலிருந்து மெல்ல முன்னோக்கித் தள்ளிவிடுங்கள். வேகமாகக் கீழே இறங்கினால் முன்குச்சியை அரை மில்லிமீட்டர் உயர்த்துங்கள். மூக்கைத் தூக்கி, நின்று, விழுந்து, மறுபடி தூக்கினால் அரை மில்லிமீட்டர் இறக்குங்கள். சீராகச் சறுக்கி இறங்கும்வரை இந்த வேலைதான். இறக்கையை ஒட்டியிருந்தால் இத்தனை தடவை வெட்டி ஒட்ட யாருக்குப் பொறுமை இருக்கும்?

பிறகு ரப்பரை முறுக்குங்கள். கூடத்துக்குள் விமானம் வட்டமடிக்க வேண்டும். விசிறியின் எதிர்விசை விமானத்தை இடப்பக்கமாகச் சாய்க்கும் என்பதால் இடப்பக்க வட்டமே இயல்பு. ஆனால் இடது இறக்கை அளவுக்கு மீறிச் சாய்ந்து தரையைத் தொடாமலிருக்க, அதன் பின்விளிம்பை மட்டும் 2 மி.மீ. கீழ்நோக்கி முறுக்கி வைக்க வேண்டும். காகிதத்தின் மேல் லேசாக ஈரம் தெளித்து, முறுக்கிய நிலையிலேயே பிடித்துக் காயவிட்டால் அப்படியே நின்றுவிடும்.

மாற்றிப் பார்த்தால் தெரிவது

மொத்த எடை ஒன்பது கிராம் என்றால் நடுத்தர இறக்கை விநாடிக்கு ஏறக்குறைய 3 மீட்டர் வேகத்தில் பறக்கும். பெரியதை மாட்டினால் 2.3 மீட்டர், சின்னதை மாட்டினால் 3.8 மீட்டர். எண்ணாகப் பார்த்தால் சிறிய வித்தியாசம்தான். கூடத்தில் பார்த்தால் பெரியது மேயப்போன மாடு வீடு திரும்புவதுபோல் நிதானமாக வரும். சின்னது சிட்டுக்குருவியாகப் பாய்ந்து சுவரைத் தேடும்.

ஒப்பிடும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். அதே உடல், அதே விசிறி, அதே ரப்பர், அதே 200 முறுக்கு. இறக்கை மட்டும் வேறு. ஒவ்வோர் இறக்கையையும் ஐந்து தடவை பறக்கவிட்டு, நோட்டில் விநாடியைக் குறித்து, நடுவில் வரும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று தனித்தனி விமானம் செய்து ஒப்பிட்டால், எது இறக்கையால் வந்த வித்தியாசம், எது செய்நேர்த்தியால் வந்தது என்று சொல்லவே முடியாது. கழற்றி மாட்டும் மூட்டு இருப்பதால்தான் இந்தச் சோதனை நேர்மையானதாகிறது.

ஊரையும் பருவத்தையும் மறக்கக் கூடாது. புனே கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 560 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஐந்து சதவீதம்போலக் குறைவு. அங்கே சமன் செய்த விமானம் இங்கே மூன்று சதவீதம் வேகமாகப் பறந்தால்தான் தன்னைத் தாங்கும். மழைக்காலத்தில் காகிதமும் மரமும் ஈரத்தைக் குடித்து எடை கூடும், காகிதம் தொய்யும்; வெயில் வந்ததும் இறுகி இறக்கையைக் கோணலாக்கும். கழற்றிய இறக்கைகளைப் பெட்டியில் படுக்கவைத்து, செருப்புப் பெட்டியோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு மூடிவிடுங்கள். பறக்கவிடும் முன் கூடத்தின் மின்விசிறிகளை நிறுத்தி, ஜன்னல்களைச் சாத்தச் சொல்லுங்கள்.

ஒன்றரை கிராமுக்குக் கீழே

இதே மூட்டு உலகப் போட்டிவரை போகிறது. எஃப்1டி என்ற கூட விமானப் பிரிவில் இறக்கையின் நீளம் 55 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. ரப்பர் இல்லாமல் விமானத்தின் எடை 1.4 கிராமுக்குக் குறையக் கூடாது, ரப்பர் 0.4 கிராமுக்கு மேல் கூடாது. நம் ஒரு ரூபாய் நாணயத்தில் பாதி எடைகூட இல்லாத விமானம். ருமேனியாவில் ஸ்லானிக் என்ற ஊரின் பழைய உப்புச் சுரங்கத்தில், காற்றசைவே இல்லாத உயர்ந்த குகையில் இந்தப் போட்டிகள் பலமுறை நடந்திருக்கின்றன. இருபது நிமிடங்களுக்கு மேல் பறக்கும் அவை, நிதானமாக நடப்பவரைவிட மெதுவாகப் போகும்.

அந்த எடையில் வால் டியூப் இரும்பைப் போலக் கனம். அதனால் குழாயையே காகிதத்தில் செய்வார்கள். மெல்லிய டிஷ்யூ காகிதத்தை ஒன்றரை மி.மீ. கம்பியின் மேல் பசை தடவி இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, காய்ந்ததும் கம்பியை உருவிவிட வேண்டும். முதல் சுற்றில் பசை படக் கூடாது. பட்டால் குழாய் கம்பியை விடாது. இறக்கையின் கால்கள் அந்தக் காகிதக் குழாய்க்குள் வழுக்கி இறங்கி, உராய்வால் மட்டுமே நிற்கும். உலகப் போட்டிக்காரரும் மில்லிமீட்டரில் உயர்த்தி, இறக்கித்தான் விமானத்தைச் சமன்படுத்துகிறார். பெட்டியில் இறக்கை தனியாகவும் உடல் தனியாகவும்தான் பயணம் போகின்றன. சைக்கிள் கடைக் குழாயில் பழகிய கைக்கு அந்த வேலை புதிதாக இருக்காது.

எங்கள் நோட்டில் இப்போது நான்கு பக்கம் நிரம்பியிருக்கிறது. போன வாரம் என் மகள் நான்காவதாக ஓர் இறக்கை செய்தாள்: நீளம் பெரியதைப் போல, அகலம் சின்னதைப் போல. எவ்வளவு வேகம் வரும் என்று பறக்கவிடும் முன்பே நோட்டில் எழுதிவிட்டாள். பிறகு ஸ்கேலை எடுத்து மூன்றில் ஒரு பங்குக் கோட்டைப் போட்டு, 2 முன்னால், 4 பின்னால் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே குச்சிகளை ஒட்டினாள். பசை காயக் காத்திருக்கிறோம்.